அடைப்புக்கு முன்னால் ஒரு கழித்தல்

சம்பளச் சீட்டில் எண்ணூற்றுப் பதினைந்து திர்ஹம்.
கோட்டைச்சாமி கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்,
அடியில் வேறு எண் இருக்குமோ என்று.
"நான் போட்ட கணக்குல தொள்ளாயிரத்து அஞ்சு வருதேப்பா."
அவர் சாரம் கட்டுகிறவர்.
அவர் கணக்குப் பிசகினால்
கீழே போகிறவன் தலையில் குழாய் விழும்.
நான் வருகைப் பதிவேடு எழுதுகிறவன்.
என் கணக்குப் பிசகினால் சத்தமே வராது.

ருவைஸ்.
ஆலையின் சுடர் இரவெல்லாம் எரிவதால்
பத்தொன்பதாம் அறையில் விளக்கை அணைத்தாலும்
சீட்டை வாசிக்கலாம்.
வாசித்தோம்.

சம்பளம் ஆயிரத்து நூறு.
மெஸ்ஸுக்குப் பிடிப்பது இருநூற்று நாற்பது.
மணலுக்குள் குழாய்ப் பாதையில்
மூன்று நாள் அங்கேயே சாப்பிட்டதால்
அந்தப் பிடிப்பில் நாற்பத்தைந்து குறைய வேண்டும்.

1100 − (240 − 45)

இப்படித்தான் அனுப்பினேன்.
அலுவலகத்தில் கணினியில் ஏற்றிய கை எதுவோ
முகம் பார்த்து நின்ற அந்த இரண்டு பிறைகளையும்
தூசி என்று தட்டிவிட்டிருக்கிறது.

1100 − 240 − 45

அடைப்புக்கு முன்னால் நிற்கும் கழித்தல்
சும்மா உள்ளே வராது.
உள்ளே இருப்பவர் ஒவ்வொருவர் சட்டையையும்
உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுவிட்டுத்தான் உட்காரும்.
கழித்தலாய் இருந்த நாற்பத்தைந்து
கூட்டலாய் எழுந்திருக்க வேண்டும்.
எழுப்ப மறந்துவிட்டார்கள்.

அதற்குள் கட்டில்களிலிருந்து
சீட்டுகள் இறங்கி வந்தன.
லோக் பகதூருக்கு இரண்டு நாள். ஜியாவுலுக்கு நான்கு.
பைசலுக்கு மூன்று. அந்தோணி மிக்கேலுக்கு ஐந்து,
அவனைத்தான் புயல் பிடித்துக்கொண்டது.
எனக்கு ஒன்று.
தனித்தனியாக எழுதினால் ஏழு புகார்,
ஏழு புகாரை ஏழு குப்பைக்கூடை தின்னும்.
எல்லாவற்றிலும் பொதுவாய் இருந்ததை
வெளியே இழுத்தேன்:

30 (3 + 2 + 4 + 3 + 5 + 1)

ஐந்நூற்று நாற்பது.
ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துகள்.

கணக்காளர் ஹிஷாம் நல்ல மனிதர்தான்.
தேநீர் கொடுத்தார், தவறு என்று ஒப்புக்கொண்டார்,
அடுத்த மாதமே போட்டார்
இருநூற்று எழுபது.
"ஒரு நாளுக்குப் பதினைந்துதானே?
நீங்கள் முப்பது கேட்கிறீர்களே, இது என்ன வட்டியா?"

நான் x எழுதினேன், y எழுதினேன்,
விரித்தேன், சுருக்கினேன்.
அவர் கடிகாரம் பார்த்தார்.
வாசலில் ஹெல்மெட்டோடு நின்ற கோட்டைச்சாமி
அரைகுறை இந்தியில் சொன்னார்:
"சார், நான் மூணு படி ஏறணும்.
நீங்க மூணு படி இறக்கிட்டீங்க.
இப்ப மூணு ஏத்தினா
நின்ன இடத்துக்குத்தான் வருவேன்.
போக வேண்டிய இடத்துக்கு
ஆறு."

ஹிஷாம் பேனாவைக் கீழே வைத்தார்.
மேசை ஓரத்தில் விரலால் மூன்று இறங்கி
ஆறு ஏறிப் பார்த்தார்.
"மறுபடி எழுதிக் கொடுங்கள்" என்றார்.

அன்றிரவு மறுபடி எழுதும்போது
உதுமான் லெப்பை வந்து நின்றார்.
எங்கள் ஏழாவது கட்டில். மெஸ் சமையல்காரர்.
பாலைவனத்துக்கு ஒரு நாளும் போனதில்லை,
ஒரு காசும் போகவில்லை அவருக்கு.
"என் பேர் எங்கே?"
"உங்களுக்குப் பூஜ்யம் காக்கா."
"பூஜ்யத்தைப் போடு."
போட்டாலும் தொகை மாறாதே என்றேன்.
"மாறாதுல்ல? அப்ப போட்டா என்ன?"

சுருக்குவதுதான் என் வேலை.
பூஜ்யத்தை எழுதாமல் விடலாம் என்று
எந்தப் புத்தகமும் சொல்லும்.

30 (3 + 2 + 4 + 3 + 5 + 1 + 0)

வெங்காயம் நறுக்கிய கையால்
மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.
தாளில் ஈரம் பட்டு
கடைசி அடைப்புக்குறி கொஞ்சம் பரவிவிட்டது.
வேறு தாள் எடுக்கவில்லை.

மீதி இருநூற்று எழுபது
இன்னும் வரவில்லை.